மாடி அறையின் நிழல்

'டப்'பென்று ஒரு சத்தம். ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் பாதித் தையலில் நின்றது. தலைக்கு மேலே மின்விசிறி சோம்பலாக நாலு சுற்றுச் சுற்றிவிட்டு ஓய்ந்தது.

பவர்கட் என்றுதான் தையல்காரி முதலில் நினைத்தாள். ஆனால் கீழ் வீட்டு டிவியில் யாரோ விம்மி விம்மி அழுவது தெளிவாகக் கேட்டது. எழுந்து வாசலுக்கு வந்தாள்.

அறைக்கு வெளியே சுவரோரம் அவள் அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் கட்டிங் பிளேயர். கீழிருந்து அவள் அறைக்கு ஏறிவரும் ஒயர் இரண்டு துண்டாகக் கிடந்தது. வெட்டிய முனையில் அவர் நிதானமாகக் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கிற கை. ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று நூல் பிசகாமல் உட்கார்ந்தது.

“என்னண்ணா பண்றீங்க?”

“ஒண்ணுமில்ல பாப்பா. முனை வெளியே தெரிஞ்சா ஷாக் அடிச்சிடும். அதான் டேப் போடறேன்.”

“நான் டேப்பைப் பத்திக் கேக்கல. ஒயரை ஏன் வெட்டினீங்க?”

பதில் மாடிப்படியிலிருந்து வந்தது. அண்ணி, கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்தாள்.

“நான்தான் வெட்டச் சொன்னேன். என்னைக் கேளு. சோலார் போட்டா பில்லு குறையும்னு ஊரே சொல்லுது. இங்க மட்டும் எகிறுது. முதல் பில்லைப் பாத்துட்டு ஏசியை நிறுத்தினேன். அடுத்த பில்லு இன்னும் ஏறிச்சு. வாஷிங் மெஷினை மூடி வச்சிட்டுக் கையால துவைச்சேன். மறுபடி ஏறிச்சு. போன பில்லைப் பாத்துட்டு ஃப்ரிட்ஜையே காலி பண்ணிட்டேன். நான் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி மிச்சம் பிடிக்கப் பிடிக்க ஏறுதுன்னா என்ன அர்த்தம்? எவளோ உக்காந்து உறிஞ்சறான்னு அர்த்தம்.”

“உறிஞ்சறதுக்கு நான் என்ன கொசுவா அண்ணி?”

“கொசுவா இருந்தா ஒரே அடியில தீர்த்திருப்பேன். நாத்தனாரா வந்து வாய்ச்சிட்டியே.”

“இந்த மெஷின் மோட்டார் என்ன சாப்பிடும்னு அண்ணனைக் கேளுங்க. உங்க டிவி சாப்பிடறதுல பாதி கூட இருக்காது.”

“டிவியைப் பத்திப் பேசாதே. வீட்டுல எனக்குன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்.”

அண்ணன் எழுந்து பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பெண்களுக்கும் நடுவில் நிற்கும்போது அவர் குரல் எப்போதும் பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

“பாப்பா, அவ ஏதோ ஆத்திரத்துல பேசறா. நீ மனசுல வச்சுக்காதே. ஸ்கூலுக்குப் பக்கத்துல ஒரு ரூம் பாத்திருக்கேன். தரையோட தரையா இருக்கு, படி ஏற வேண்டாம். உனக்குத்தான் முட்டி வலிக்குதே. ஞாயித்துக்கிழமை வண்டி சொல்லியிருக்கேன், மெஷினை ஏத்திக்கிட்டுப் போயிடலாம்.”

“வலிக்கறது என் முட்டி. நான் ஏறிக்கறேன்.”

“புரிஞ்சுக்கோம்மா. என் நிலைமை அப்படி.”

“இந்த ரூம் நான் இருக்கற வரைக்கும் எனக்குன்னு அப்பா சொல்லிட்டுப் போனது உங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சுத்தான்.”

“ரூமைத்தான் குடுத்தாரு” என்றாள் அண்ணி. “கரண்ட்டைத் திருடிக்கோன்னு குடுக்கல. திருடிக்கு எந்த அப்பனும் வாக்குக் குடுக்க மாட்டான்.”

திருடி. அந்தச் சொல் ஒன்றுக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தது போல அண்ணி திரும்பி இறங்கிப் போனாள். அண்ணன் பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே இறங்கினார். இரண்டு படி இறங்கியதும் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “ஞாயித்துக்கிழமை பாப்பா.”

தையல்காரிக்கு அண்ணன் மேல் கோபம் வரவில்லை. பாவம், பெண்டாட்டியின் வாய்க்குப் பயந்த மனுஷன். கட்டியவன் கைவிட்டு, ஒரு மெஷினும் ஒரு பெட்டியுமாக அவள் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, மெஷினைத் தோளில் வைத்து மாடிக்குத் தூக்கிவந்தவர் அவர்தான். வாசலில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள் அண்ணி.

அந்த மொட்டைமாடி முழுக்க இப்போது சோலார் பலகைகள். அவள் அறையின் வாசலில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளியை மட்டும் விட்டுவிட்டு, மீதி இடத்தில் வரிசையாகக் கால் ஊன்றி, கண்ணாடி முகத்தை ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டு சாய்ந்திருந்தன. அண்ணியின் வளையல்கள்தான் அப்படிக் கூரைமேல் ஏறியிருந்தன. அதனால்தான் அண்ணிக்கு ஒவ்வொரு பில்லும் வயிற்றில் விழுந்த அடி.

பலகைகளைப் பொருத்த வந்த சோலார்காரர் முதல் நாளே இடுப்பில் கை வைத்து நின்று மாடி அறையை அளவெடுத்தார். “இந்த ரூம் மட்டும் இல்லேன்னா இன்னொரு வரிசை போட்டுடலாம் சார். மதியத்துக்கு மேல இதோட நிழல் கடைசிப் பலகைங்க மேல விழுது. ஒரு பலகைல நிழல் விழுந்தா அந்த வரிசையே மந்தமாயிடும்.”

“அந்தப் பேச்சே வேண்டாம். அது என் தங்கச்சி ரூம்” என்று அண்ணன் வெட்டிச் சொன்னார். உள்ளே பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த தையல்காரிக்கு அதைக் கேட்டு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

வேலை முடிந்ததும் சோலார்காரர், பலகைக் கரண்ட்டை வீட்டு லைனோடு சேர்க்கும் இன்வெர்ட்டரின் சுவிட்சை அணைத்து அதன்மேல் டேப் ஒட்டினார். கரண்ட் ஆபீஸிலிருந்து நெட் மீட்டர் வந்து மாட்டும்வரை அதைத் தொடக் கூடாது. வாங்குகிற கரண்ட் தனியாகவும் லைனுக்கு அனுப்புகிற கரண்ட் தனியாகவும் காட்டுகிற மீட்டர் அது. பழைய மீட்டரை வைத்துக்கொண்டு ஓட்டினால் வம்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

நெட் மீட்டர் வருகிற வழியாகத் தெரியவில்லை. ஆபீஸில் கேட்டால் ஸ்டாக் இல்லை என்றார்கள். வெயில் தினமும் பலகைமேல் காய்ந்து வீணாவதை அண்ணனால் பொறுக்க முடியவில்லை. “கரண்ட்லயே கையை வச்சுப் பொழைக்கறவனுக்கு இவன் பாடம் சொல்றான். மீதியாகிற கரண்ட் லைனுக்குப் போனா மீட்டர் தானா பின்னால சுத்தும். தட்டு சுத்தற மீட்டர் காலத்துலயே பாத்திருக்கேன்” என்று ஒருநாள் டேப்பைக் கிழித்து சுவிட்சைப் போட்டார். பில் ஏறத் தொடங்கியது அதன் பிறகுதான். காரணம் மாடியில் இருக்கிறாள் என்று அண்ணி தீர்மானம் செய்தாள்.

இனி அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை. ஊரில் பெரிய லாட்ஜ் ஒன்றுக்குத் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். நேரத்துக்குக் கொடுத்தால் ஜன்னல் திரை அத்தனையும் உனக்குத்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். தையல்காரி மோட்டாரைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய தோல் பெல்ட்டைத் தேடி எடுத்து, சக்கரத்தில் மாட்டி, கொக்கியை இறுக்கினாள். காய்ந்த பெல்ட் வழுக்கியது. மெழுகுவர்த்தித் துண்டை அதன்மேல் தேய்த்தாள். மெஷினை வெளிச்சம் வருகிற வாசலுக்கு இழுத்துப்போட்டு மிதிக்க ஆரம்பித்தாள். முழங்கால் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு முணுமுணுப்பு முணுமுணுத்தது.

பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த டீச்சர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். ஓய்வு பெற்றவள், பொழுது போகாதவள்.

“என்னம்மா கொடுமை இது. கரண்ட் கடைக்கு நடுவுல உக்காந்துக்கிட்டுக் காலால மிதிக்கறே?”

“கடை எங்க அண்ணியோடது டீச்சர். எனக்குக் கடன் கிடையாது.”

“உன் அண்ணி வாய்க்கு ஒரு மீட்டர் மாட்டணும்” என்று சொல்லிவிட்டு டீச்சர் துணியை மடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணியின் அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்க்க இருவரும் கிளம்பினார்கள். கிளம்புவதற்கு முன்னால் அண்ணி வீடு முழுக்க நடந்து ஒவ்வொரு ப்ளக்காகப் பிடுங்கினாள். வாசலில் மீட்டர் பெட்டியைத் திறந்து எண்ணைத் தன் செல்போனில் படம் எடுத்தாள். மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“உள்ளே ஒரு பல்பு கூட எரியல. சாயங்காலம் வந்து பாப்பேன். ஏறியிருந்துச்சுன்னா நீ வேற எங்கயோ கொக்கி போட்டிருக்கேன்னு அர்த்தம். அப்புறம் ஞாயித்துக்கிழமை வரைக்கும் கூடக் கிடையாது உனக்கு.”

“ஆஸ்பத்திரிக்குத்தானே போறீங்க. போன கையோட உங்க நாக்கையும் காட்டிட்டு வாங்க.”

“ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்களேன்” என்றார் அண்ணன், யார் முகத்தையும் பார்க்காமல்.

உச்சி வெயிலில் வெட்டுத் துணியைக் குப்பையில் கொட்டக் கீழே இறங்கிய தையல்காரி மீட்டர் பெட்டி அருகே நின்றுவிட்டாள். யூனிட் ஓட ஓட மினுக்கும் சின்னச் சிவப்பு விளக்கு, வெறி பிடித்ததுபோலப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வீடு பூட்டிக் கிடக்கிறது. அவள் ஒயர் துண்டாகிக் கிடக்கிறது. பிறகு யார் இதைக் குடிக்கிறார்கள்?

சாயங்காலம் அண்ணி வந்து பார்க்கப்போகிறாள். யார் என்ன சொன்னாலும் கேட்கப்போவதில்லை.

அப்படியே கடைசிப் படியில் உட்கார்ந்தாள். ஒரு பெரிய மேகம் வந்து தெருவை மூடியது. சிவப்பு விளக்கின் படபடப்பு அடங்கி, தூங்குகிறவன் மூச்சுப்போல நின்று நின்று மினுக்கியது. மேகம் விலகியது. பளிச்சென்று வெயில் விழுந்ததும் மறுபடி அதே வெறி. அடுத்த மேகத்துக்காகக் கழுத்து வலிக்க ஆகாயத்தைப் பார்த்தாள். வந்தது. விளக்கு அடங்கியது.

திருடன் வெயிலில்தான் வேலை செய்கிறான்.

“டீச்சர்” என்று கூப்பிட்டாள். “கொஞ்சம் எங்க வாசலுக்கு வர்றீங்களா? இந்தச் சிவப்பு லைட்டையே பாத்துக்கிட்டு நில்லுங்க. என்ன பண்ணுதுன்னு எனக்குக் குரல் குடுங்க. முட்டியை வச்சுக்கிட்டு ஏறி ஏறி இறங்க முடியல.”

மாடிக்கு ஏறி, தைத்து முடித்த தலையணை உறைகளை வாரிக்கொண்டு வந்தாள். சூட்டில் கொதித்த பலகைகள்மேல் ஒவ்வொன்றாக விரித்தாள். போதவில்லை. கட்டில் போர்வையை இழுத்து வந்து போர்த்தினாள். தன் புடவைகளைக் கொடியிலிருந்து உருவி இரட்டையாக மடித்து மூடினாள். காற்றில் பறக்காமல் ஓரங்களில் இஸ்திரிப் பெட்டியையும் கத்தரிக்கோலையும் வைத்தாள்.

“மெதுவாயிடுச்சு” என்று கீழிருந்து டீச்சர் குரல் வந்தது. “இன்னும் மெதுவாயிடுச்சு. நிக்கப் போகுதும்மா. நின்னே போச்சு. என்னம்மா பண்றே அங்க, மந்திரமா?”

“துணி காயப்போடறேன் டீச்சர்.”

சாயங்காலம் அண்ணி வந்ததும் மீட்டரைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், பிறகு தெருவே கேட்கும்படி கத்தினாள். தையல்காரி படியில் நின்றபடியே அவள் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தாள்.

“முடிச்சிட்டீங்களா? இப்ப இருட்டிடுச்சு. நாளைக்கு வெயில் வரட்டும், யார் திருடின்னு காட்டறேன். உங்க பலகைதான் மீட்டரை ஓட்டுது. அதை மூடினா மீட்டர் நிக்குது. டீச்சர் சாட்சி.”

“பலகை கரண்ட்டைக் குடுக்குமா, எடுக்குமா? கேட்டீங்களா உங்க தங்கச்சி சொல்றதை?”

அண்ணன் மீட்டர் பெட்டியின் கதவைச் சாத்தினார். பிறகு, “பலகைமேல துணியெல்லாம் போடக் கூடாது பாப்பா. ஷாக் அடிச்சா யார் பதில் சொல்றது? இனிமே அதைத் தொடாதே” என்றார். மனைவியின் பக்கம் திரும்பினார். “நான் பாத்துட்டேன். மெயினை அணைச்சா மீட்டர் நின்னுடுது. அப்ப கசிவு வீட்டுக்குள்ளதான் இருக்கு.”

கரண்ட் விஷயத்தில் அண்ணிக்கு அவர் சொல்வதே தீர்ப்பு. தையல்காரிக்கோ பார்த்ததைச் சொல்லத் தெரிந்ததே தவிர, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

“ஞாயித்துக்கிழமை எதுக்கு? நாளைக்கே வண்டியைக் கூப்பிடறேன்” என்றார் அண்ணன். அந்தப் பஞ்சுக் குரலில் முதல்முறையாக ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது. பெண்டாட்டியைச் சமாளிக்கப் பேசுகிறார் என்று தங்கை தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை வெயில் நன்றாக ஏறிய நேரத்தில் வாசலில் வண்டி வந்து நின்றது. டிரைவரும் அண்ணனுமாக மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிப்படியில் இறக்கினார்கள். இரும்புக் கால் சுவரில் உரசிச் சுண்ணாம்பை வாரிக்கொண்டு வந்தது. கடைசிப் படியில் தையல்காரி குறுக்கே உட்கார்ந்திருந்தாள்.

“எழுந்திரு பாப்பா. கனமா இருக்கு.”

“கீழே வைங்க. கால்மேல வச்சாலும் சரி.”

“வழியை மறிச்சு உக்காந்தா வீடு உன்னுதாயிடுமா?” என்றாள் அண்ணி.

“வீடு வேண்டாம் அண்ணி. திருடிங்கற பேரோட இந்தப் படியை இறங்க மாட்டேன். அதை எடுத்துட்டு ரூமைக் கேளுங்க, அப்புறம் பேசலாம்.”

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் ரீடிங் எடுப்பவர் தோளில் பையோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். பழக்கப்பட்ட மனுஷன். சண்டை நடக்கிற வீடுகளில் தலையைக் குனிந்துகொண்டு மீட்டரை மட்டும் பார்த்துப் போகிறவர்.

“சார், ஒரு நிமிஷம்” என்றாள் தையல்காரி. “அந்தச் சிவப்பு லைட்டைப் பாத்துக்கிட்டே இருங்க. அண்ணி, நீங்களும் பக்கத்துல நில்லுங்க. உள்ளே எதையும் போட்டு வைக்காதீங்க. நான் மேல போறேன்.”

“அதெல்லாம் வேண்டாம்” என்று அண்ணன் மெஷினை அப்படியே படியில் வைத்துவிட்டுப் பதறினார். “அவருக்கு நாலு வீடு போகணும். சார், நீங்க எடுத்துட்டுக் கிளம்புங்க.”

அண்ணி கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏன், போகட்டுமே. அவ வித்தையைத்தான் நானும் பாக்கறேன். பொய்யின்னு தெரிஞ்சா அவ வாயும் அடைஞ்சுபோகும்ல.” உள்ளே போய் எல்லா ப்ளக்கையும் பிடுங்கிவிட்டு வந்து மீட்டர் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

மேலே டீச்சர் தன் வீட்டிலிருந்த கறுப்புப் போர்வைகளைச் சுவருக்கு மேலாக எடுத்துக் கொடுத்தாள். தையல்காரி ஒவ்வொரு பலகையாக மூடினாள். கீழே அண்ணியின் சத்தத்தை எதிர்பார்த்தாள். சத்தமே இல்லை. எடுத்தாள். மறுபடி மூடினாள். கீழே அப்போதும் சத்தமில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தபோது, அண்ணி மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றிருந்தாள்.

“ஏங்க, இது எப்படி?” என்று ரீடிங் எடுப்பவரைக் கேட்டாள்.

“பழைய மீட்டரும்மா. கரண்ட் உள்ளே வருதா வெளியே போகுதான்னு பாக்காது. எது ஓடினாலும் நீங்க செலவழிச்சதாத்தான் ஏத்தும். பகல்ல உங்க பலகை லைனுக்குத் தள்ளறதுக்கெல்லாம் நீங்களே பில் கட்டிட்டிருக்கீங்க. வீட்டுல செலவைக் குறைச்சா லைனுக்குப் போறது அதிகமாகும். பில்லும் ஏறும்.”

“அப்ப நான் கையால துவைச்சது?”

“அதுக்கும் சேத்துத்தான்மா கட்டினீங்க.”

“மெயினை அணைச்சா நின்னுச்சுன்னாரே இவரு.”

“மெயின் அணைஞ்சா சோலாரும் தானா அணைஞ்சிடும். அது அப்படித்தான்.”

அண்ணி தன் வெறும் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். ஏசி இல்லாமல் வெந்த பகல்களும், சோப்பில் வெடித்த விரல்களும், மாடியைப் பார்த்துக் கத்திய கத்தலும் ஒன்றாக அவள் முகத்தில் ஏறி இறங்கின. நாத்தனாரைப் பார்த்தாள்.

“இதுக்காக நீ நல்லவள்னு நான் சொல்லல.”

“நீங்க சொல்லி நான் நல்லவளாக வேண்டாம் அண்ணி. திருடி இல்லேன்னு மட்டும் சொல்லுங்க.”

அண்ணி வாயைத் திறந்தாள். வராத சொல்லின் கோபத்தை எல்லாம் சேர்த்துக் கணவர் பக்கம் திரும்பினாள்.

“காயில் கட்டறவருன்னு பேரு. ஊர் மோட்டாரெல்லாம் உங்க கையில. சொந்த வீட்டு மீட்டர் எப்படி ஓடுதுன்னு தெரியாமயா ஒயரை வெட்டிட்டு வந்து நின்னீங்க?”

“தெரியலையே. பின்னால ஓடும்னுதான் நெனச்சேன்” என்றார் அண்ணன். முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். “மனுஷன்னா தப்பு நடக்காதா? விடு பாப்பா. வண்டியைத் திருப்பி அனுப்பிடறேன். இப்படி ஒரு கூத்து நடக்குதுன்னு எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?”

எண்ணைக் குறித்துக்கொண்டிருந்த ரீடிங் எடுப்பவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன சார் இப்படிச் சொல்றீங்க? போன தடவை வந்தப்பவே சொன்னேனே. டீயெல்லாம் வாங்கிக் குடுத்து, மாடி ரூம் காலியாகட்டும், வீட்டுல நானே சொல்லிக்கறேன்னீங்களே.”